பட்டியல்ல இருந்த அம்மணி

எல்லாருக்கும் வணக்கமுங்க. நல்லா இருக்கறீங்களா? சக்கரை, பிரசரெல்லாம் மட்டுல இருக்குதுங்களா? மாத்திரை போடறதுக்கு மறந்துறாதீங்க. இப்பச் சொல்லப்போறது தொண்ணூத்தாறாம் வருசம், ஐப்பசி மாசம், கோயமுத்தூர் ராமநாதபுரத்துல சாந்தாமணி ஊட்டு ஆசாரத்துல, அதாங்க முன்கூடத்துல, நடந்த பேச்சுங்க. சர்க்கார் பெரியாஸ்பத்திரி வாசல்ல நோயாளிகளுக்கு இனாமாக் கஞ்சி ஊத்தற ட்ரஸ்டு ஒண்ணு. அதுக்குச் சாந்தாமணிதான் செயலாளர். தாஜுன்னிசா அங்க சம்பளமில்லாம வந்து ஒத்தாசை பண்றவ. பேச்சு பாதில இருக்குது, காது குடுத்துக் கேளுங்க.

தாஜுன்னிசா: ...இல்லீங்கக்கா, காப்பியெல்லாம் வேண்டாங்க. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா ஓடிருவேன்.

சாந்தாமணி: அட, உக்காரு கண்ணு. வந்ததும் வராததுமா றெக்கை கட்டிட்டு நிக்கறே. வெளிய தூறல் வேற. சக்கரை ஒரு கரண்டி போதுமா?

தாஜுன்னிசா: சக்கரையே வேண்டாங்க.

சாந்தாமணி: ஏன்... உனக்கும் வந்துருச்சா?

தாஜுன்னிசா: எனக்கு வரலீங்க. பூவாத்தாளுக்கு இருக்கற சக்கரையப் பாத்ததுல இருந்து வாயில வெக்க மனசே வரமாட்டேங்குது.

சாந்தாமணி: ம்... எப்பிடி இருக்கறா?

தாஜுன்னிசா: இருக்கறாங்க.

சாந்தாமணி: நானே வந்து ஒரு எட்டு பாக்கோணும்னு இருந்தேன். இந்த வாரம் பூராவும் ஒறம்பரைக. பவானில இருந்து இவரோட பெரியம்மா ஊட்டுச் சனம் அத்தன பேரும் வந்து...

தாஜுன்னிசா: பரவால்லீங்க. அவதான் தெனமும் கேட்டுட்டு இருந்தா. அக்கா வந்தாங்களா, அக்கா வந்தாங்களான்னு.

சாந்தாமணி: அடப் பாவமே...

தாஜுன்னிசா: இந்தாங்க. இதான் காயிதம். வக்கீல் குமாஸ்தாகிட்டச் சொல்லி டைப்படிச்சு வாங்கியாந்தேன்.

சாந்தாமணி: என்ற கண்ணாடிய எங்க வெச்சேன்னு தெரியல...

தாஜுன்னிசா: தலைமேல இருக்குதுங்க.

சாந்தாமணி: ...நீயே படி. எனக்குச் சின்ன எழுத்துன்னா மசமசன்னு இருக்கும்.

தாஜுன்னிசா: பெரிய எழுத்துத்தானுங்க. சரி. "எங்கள் ட்ரஸ்டின் தொண்டர் பட்டியலில் பதினேழாம் எண்ணில் கண்ட அம்மணி என்பவரும், போத்தனூர் பாலுசாமி மனைவி பூவாத்தாள் என்பவரும் ஒருவரே என்று இதன் மூலம் சான்றளிக்கிறேன்." அவ்வளவுதாங்க. கீழ செயலாளர்னு போட்டு எடம் உட்டிருக்குது. அங்க உங்க கையெழுத்து, பக்கத்துல ட்ரஸ்டு முத்திரை.

சாந்தாமணி: இது எதுக்கு இப்ப?

தாஜுன்னிசா: எதுக்கா... இன்சூரன்சுக்குத்தானுங்க.

சாந்தாமணி: பணம் கட்டறோம்னு அவங்க இன்னும் கடுதாசி தரலையா?

தாஜுன்னிசா: எங்கீங்க தாராங்க. உங்க ட்ரஸ்டுல இருபது தொண்டருக்குப் பாலிசி எடுத்திருக்கீங்க, அதுல பூவாத்தாள்னு யாருமே இல்லீங்களேம்மான்னு கம்பெனிக்காரங்க கைய விரிச்சுட்டாங்க. அம்மணின்னு இருக்குது பாருங்க, அதான் இவன்னேன். அப்ப ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு உங்க செயலாளர்கிட்ட எழுதி வாங்கியாங்கன்னாங்க.

சாந்தாமணி: அவ ரேசன் கார்டுல என்ன பேரு?

தாஜுன்னிசா: பூவாத்தாள். புதுசா குடுத்தாங்களே, போட்டோ போட்ட ஓட்டுக் கார்டு, அதுல பூவாத்தான். பக்கத்துல ஆண்னு போட்டிருக்குது.

சாந்தாமணி: ஆணா? கருமம்!

தாஜுன்னிசா: சிரிங்க, சிரிங்க. அவளும் அன்னிக்கு நெம்பச் சிரிச்சா. இனிமே பாலுசாமியண்ணன் சோறாக்கட்டும், நா கைலி கட்டிட்டுத் தின்னுட்டுப் படுத்துக்கறேன்னா.

சாந்தாமணி: அவளுக்கு வாய் இருக்குதே...

தாஜுன்னிசா: எட்டு வருசத்துல அவளை ஒரு நாளாச்சும் பூவாத்தாள்னு கூப்பிட்டிருக்கமாங்க? நர்சம்மாவுக்கும் அம்மணி, வெறகு கொண்டாற வண்டிக்காரருக்கும் அம்மணி. வார்டுல இருந்து போசியத் தூக்கிட்டு வார சனமெல்லாம், அம்மணி, இன்னொரு கரண்டி ஊத்து அம்மணின்னுதானுங்களே கேக்கும்.

சாந்தாமணி: அது சும்மா மரியாதைக்குக் கூப்பிடறது கண்ணு. நம்மூர்ல ஆரைத்தான் அம்மணிங்க மாட்டோம்? உன்னையுந்தான் கூப்பிடறேன்.

தாஜுன்னிசா: அப்ப பதினேழாவது பேரு என்னோடதாக்குமுங்க?

சாந்தாமணி: வாயப் பாரு! நீ இருபதாவது. தாஜுன்னிசா, வயசு நாப்பத்திரண்டு.

தாஜுன்னிசா: லிஸ்டு மனப்பாடமா இருக்குதுங்களே அக்கா.

சாந்தாமணி: நாந்தானே எழுதினேன்...

தாஜுன்னிசா: அதாங்க. நீங்க எழுதினதுக்கு நீங்களே கையெழுத்துப் போடறீங்க. இந்தாங்க பேனா.

சாந்தாமணி: இரு இரு. கையெழுத்துன்னா சும்மாவா? இவரு வரட்டும். ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு...

தாஜுன்னிசா: அவரு ட்ரஸ்டுல இல்லீங்களே.

சாந்தாமணி: முத்திரை வேற தலைவர் ஊட்டுல இருக்குது.

தாஜுன்னிசா: உங்க மேசை டிராயர்லதானுங்க இருக்குது. போன மாசம் நாந்தான் மையி ஊத்தி வெச்சேன்.

சாந்தாமணி: ...நீ ஏன் கண்ணு இப்பிடிப் போலீசாட்டம் பேசறே?

தாஜுன்னிசா: எனக்கு வேற ஆரும் இல்லீங்கக்கா. அன்னிக்கு அண்டாவ எறக்கறப்போ என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க உள்ள பருப்பு எடுத்துட்டு இருந்தீங்க.

சாந்தாமணி: துணி வழுக்கிருச்சுன்னு சொன்னாங்க.

தாஜுன்னிசா: என்ற கையில இருந்த துணிதாங்க வழுக்குச்சு. அண்டா எம்பக்கந்தான் சாஞ்சுது. கொதிக்கற கஞ்சி. எம்மேல ஊத்தியிருக்கோணும். அவ என்னைய ஒரு தள்ளுத் தள்ளிப்போட்டு அங்க வந்து நின்னா. எடது காலு, தொடையில இருந்து பாதம் முட்டும். கத்தக்கூட இல்லீங்க. கஞ்சி போச்சே, சனம் காத்துட்டு இருக்குதேன்னா.

சாந்தாமணி: போதும் கண்ணு...

தாஜுன்னிசா: பாலுசாமியண்ணன் அன்னிக்கே சொன்னாரு. எதுக்கால பெரியாஸ்பத்திரி இருக்குது, தீக்காய வார்டுலயே சேத்தீரலாம்னு. நாந்தான் பெரிய மனுசியாட்டம், நமக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்கண்ணா, தனியாருக்குப் போலாம், தோல் ஒட்டறதுக்கு அங்க நல்ல டாக்டர் இருக்காருன்னு ஆட்டோவத் திருப்பினேன். நாந்தாங்க திருப்பினேன்.

சாந்தாமணி: நல்லதுக்குத்தானே பண்ணினே.

தாஜுன்னிசா: அங்க போனா, கம்பெனி கடுதாசி வரட்டும், அப்பறம் தோல் ஒட்டலாம்னு நாளக் கடத்திட்டாங்க. ஒரு நாளு, ரெண்டு நாளு... ஒம்பது நாளு. வெறும் மருந்து வெச்சுக் கட்டறது, பிரிக்கறது. சக்கரைக்காரி காலு, அதுவே அங்க போய்த்தான் தெரிஞ்சுது. ஆறாம் நாளே விரலு கருத்துப்போச்சுங்க.

சாந்தாமணி: அப்பவே பெரியாஸ்பத்திரிக்கு மாத்தியிருக்கலாம்ல?

தாஜுன்னிசா: இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு இருந்துட்டமுங்க. நம்ம பேருதான் லிஸ்டுல இருக்குதேன்னு ஒரு தைரியம்.

சாந்தாமணி: வேற எங்கயாச்சும் கேட்டுப் பாத்தியா?

தாஜுன்னிசா: கேக்காத எடமில்ல. தை மாசம் போலியோ சொட்டு மருந்து ஊத்தப் போனமே நாம மூணு பேரும், அந்தச் சர்க்கார் ஆபீசுக்கும் போனேன். அவளும் உங்களுக்குத் தொண்டு பண்ணினவதானுங்க, ஏதாச்சும் ஒதவி உண்டாங்கன்னேன். தொண்டர்னா சம்பளப் பட்டியல்ல வரமாட்டாங்க, அதுல வராதவங்களுக்கு எங்க கையில ஒண்ணுமில்லீங்க, வேணும்னா பாராட்டுச் சர்டிபிகேட் ஒண்ணு தாரேன்னாரு அந்த மனுசன். நல்ல மனுசந்தான். உக்காரச் சொல்லித்தான் சொன்னாரு.

சாந்தாமணி: அவளுக்கு ஈஎஸ்ஐ இருந்துச்சே...

தாஜுன்னிசா: அது மில்லுல ரீலிங் ஓட்டறப்பங்க. மில்லு மூடினதோட போச்சு. கூலிக்கு நூல் சுத்தினப்ப ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சு. தருமத்துக்குக் கஞ்சி ஊத்தறப்ப ஒண்ணுமில்ல.

சாந்தாமணி: அதுக்காகத்தானே நா பாடுபட்டு இந்தப் பாலிசிய எடுத்தேன்? தலைவர்கிட்டச் சண்டை போட்டு எடுத்தேன், தெரியுமா? சேவை செய்யறவங்களுக்கு எதுக்குங்க இன்சூரன்சுன்னாரு. சேவை செய்யறவங்களுக்கு ஒடம்பு இல்லையாங்கன்னேன் நானு!

தாஜுன்னிசா: தெரியுமுங்க. அன்னிக்கு உங்களைக் கட்டிப் புடிச்சுக்கலாம்னு இருந்துச்சு. பங்குனில அந்த லிஸ்டைக் கஞ்சி ஊத்தற கொட்டாய்க் கதவுல ஒட்டினீங்களே, நெனப்பிருக்குதுங்களா?

சாந்தாமணி: ம்.

தாஜுன்னிசா: அவளுக்கு எழுத்துத் தெரியாது. வாசிச்சுக் காட்டுன்னு என்ற கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனா. நா விரல வெச்சு, இதா பாரு, பதினேழு, அம்மணி, நீதான்னேன். அன்னிக்குப் பூராவும் போறப்ப வாரப்ப எல்லாம் அந்த எழுத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. என்ற பேரு கதவுல ஒட்டற பேராயிருச்சுன்னா. நீங்க பக்கத்துலதானுங்க இருந்தீங்க.

சாந்தாமணி: நா... பருப்பு அளந்துட்டு இருந்தேன்.

தாஜுன்னிசா: அளந்துட்டே சிரிச்சீங்க.

சாந்தாமணி: தாஜு, இப்ப இதெல்லாம் எதுக்கு...

தாஜுன்னிசா: சரி உடுங்க. இன்னொண்ணுங்கக்கா. கம்பெனில லிஸ்டை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாங்க. அதுல வயசு ஐம்பத்திமூணுன்னு இருக்குது. பூவாத்தாளுக்கு நாப்பத்தியஞ்சு. டைப்படிச்சவங்க தப்புத்தானுங்களே?

சாந்தாமணி: ...இருக்கும்.

தாஜுன்னிசா: ஊட்டுக்காரர் பேர்ல லேட் காளிச்சாமின்னு இருக்குதுங்க. பாலுசாமியண்ணன் போத்தனூர் ஸ்டேசனுக்கு முன்னால குத்துக்கல்லாட்டம் உக்காந்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிட்டு இருக்கறாரு. டைப்படிச்சவங்க பேரையும் மாத்தி, ஆளையும் சாவடிச்சுப் போட்டாங்க. தப்புத்தானுங்களே அக்கா? தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கீழ ரெண்டு வரி சேத்து எழுதிக்கலாம்.

சாந்தாமணி: காப்பி ஆறுது பாரு.

தாஜுன்னிசா: ஆறட்டும். ஏனுங்கக்கா, ஆனைமலைல இருக்கறாங்களே உங்க பெரியக்கா, அவங்க ஊட்டுக்காரர் பேரு என்னங்க?

சாந்தாமணி: ...அவரு போய்ப் பத்து வருசமாச்சு. எதுக்குக் கேக்கறே?

தாஜுன்னிசா: பேரு என்னங்க?

சாந்தாமணி: தாஜு...

தாஜுன்னிசா: நா எதையும் நெனக்கலீங்க. நீங்க வேற பேரு ஏதாச்சும் சொல்லிப்போடுங்க. நம்பிக்கறேன்.

சாந்தாமணி: ரெண்டு வருசம் கண்ணு.

தாஜுன்னிசா: என்னது?

சாந்தாமணி: ரெண்டு வருசமா எங்கக்காளுக்கு நிக்காமப் போயிட்டே இருந்துச்சு. ஆருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டா. வெள்ளச் சேலை கட்டறவ. ஒரு விசேசத்துக்கு வரமாட்டா, ஒரு எடத்துல உக்கார மாட்டா. எந்திரிக்கறப்பப் பின்னால பாத்துட்டே எந்திரிப்பா. புள்ளை குட்டி இல்ல. காடு தோட்டமெல்லாம் பங்காளிக கையில. கர்ப்பப்பைய எடுக்கோணும், தள்ளிப் போட்டா ஆளுக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இவருகிட்டக் கேட்டேன். உன்ற பொறந்த ஊட்டுச் சுமைய என்ற தலைல எறக்காதேன்னுபோட்டாரு. ரெண்டு காரு நிக்கற ஊடு இது.

தாஜுன்னிசா: அவங்க பேரு...

சாந்தாமணி: அம்மணி. எங்கம்மா வெச்ச பேரே அதுதான். ரேசன் கார்டுலயும் அம்மணிதான். நா பொய்யா ஒரு எழுத்து எழுதல கண்ணு. ஒரு பேருதான் எழுதினேன். மத்ததெல்லாம் நீங்களா நெனச்சுக்கிட்டது.

தாஜுன்னிசா: நாங்களா நெனச்சுக்கிட்டமுங்க. சரிதான்.

சாந்தாமணி: அப்பிடிப் பாக்காதே என்னைய.

தாஜுன்னிசா: அவங்க ஒரு நாளு நம்ம கொட்டாய்க்கு வந்து கரண்டி புடிச்சிருக்காங்களாக்கா?

சாந்தாமணி: இல்ல.

தாஜுன்னிசா: கொட்டாய் எங்க இருக்குதுன்னாச்சும் தெரியுமாங்க?

சாந்தாமணி: பாலிசி இருபது பேருக்குத்தான். நாம இருபது பேரு இருந்தோம். ஒரு பேர எடுத்தாத்தான் அவளைச் சேக்க முடியும். ராப்பகலா யோசிச்சேன். ராமாமணிக்கு நெஞ்சுல வலி, அவளை எடுக்க முடியாது. உனக்கு மூணு பொட்டப் புள்ளைக. பூவாத்தாளுக்கு ஒரு தும்மல்கூட வந்து நா பாத்ததில்ல. அவளுக்கு எங்க ஆஸ்பத்திரிச் செலவு வரப்போகுதுன்னு...

தாஜுன்னிசா: அது மட்டுந்தானுங்களா?

சாந்தாமணி: வேறென்ன?

தாஜுன்னிசா: என்ற பேர எடுத்திருந்தா நா கேட்டிருப்பேன். ராமாமணி எகிறிக் குதிச்சிருப்பா. பூவாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுச் சொன்னாலும் உங்களை ஒரு கேள்வி கேக்க மாட்டா.

சாந்தாமணி: ...ஆமா. அதுவுந்தான்.

தாஜுன்னிசா: உங்க அக்காளுக்கு ஆபரேசன் ஆயிருச்சுங்களா?

சாந்தாமணி: சித்திரைல ஆச்சு. கம்பெனிதான் கட்டுச்சு. இப்ப நல்லாயிருக்கறா. போன அமாவாசைக்கு மாசாணியம்மன் கோயிலுக்குத் தானா நடந்து போயிட்டு வந்தா.

தாஜுன்னிசா: நடக்கட்டுமுங்க. நல்லா நடக்கட்டும். அவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.

சாந்தாமணி: இப்பப் புரியுதா, ஏன் கையெழுத்துப் போட முடியலைன்னு? பூவாத்தாளும் அம்மணியும் ஒருத்தரேன்னு எழுதிக் குடுத்தா, சித்திரைல கர்ப்பப்பை எடுத்தவளும் ஐப்பசில காலு வெந்தவளும் ஒரே ஆளுன்னு ஆவும். கம்பெனிக்காரன் தோண்டுவான். ஆனைமலை வரைக்கும் போவான். ட்ரஸ்டு பேரு நாறிப்போகும். இருபது பேருக்கும் பாலிசி போயிரும், உனக்குஞ் சேத்துத்தான். என்னையக் கோர்ட்டுல நிறுத்துவாங்க.

தாஜுன்னிசா: ஆமாங்க.

சாந்தாமணி: இவருக்குத் தெரிஞ்சா இந்த ஊட்டுல நா இருக்க முடியாது.

தாஜுன்னிசா: முடியாதுங்க.

சாந்தாமணி: ஆமாங்க, முடியாதுங்கன்னே சொல்லிட்டு இருக்கறயே... திட்டிப்போடேன் தாஜு. ஏதாச்சும் சொல்லேன்.

தாஜுன்னிசா: என்னங்க சொல்றது? அவ காலுதான் சொல்லோணும். நா வாரனுங்க. மழை உட்ட மாதிரி இருக்குது.

சாந்தாமணி: நில்லு.

தாஜுன்னிசா: வேண்டாங்கக்கா, நீங்க...

சாந்தாமணி: நில்லுங்கறேன்ல. அந்தக் காயிதத்தக் குடு. குடு கண்ணு... பேனா எங்க? எங்க போடோணும், இங்கயா? இந்தா. சாந்தாமணி. செயலாளர். டிராயரத் தொறந்து முத்திரைய எடு. ...இந்தா, குத்தியாச்சு. தோண்டறவன் தோண்டட்டும். கேட்டா நாந்தான் செஞ்சேன்னு சொல்லிக்கறேன். இவரு தொரத்தினா ஆனைமலைக்குப் போறேன். நீ ஓடு. ஆட்டோ புடிச்சு ஓடு. இப்பவே கம்பெனில குடுத்துப்போட்டு, அப்பிடியே டாக்டர்கிட்டப் போய்த் தோலு ஒட்டச் சொல்லு. அவ காலக் காப்பாத்து தாஜு. என்ன நின்னுட்டே இருக்கறே? ஓடு!

தாஜுன்னிசா: காலு இல்லீங்கக்கா.

சாந்தாமணி: என்ன?

தாஜுன்னிசா: இன்னிக்கு வெடியால எடுத்துப்போட்டாங்க. முழங்காலுக்கு மேல.

சாந்தாமணி: அய்யோ... அப்பறம்... அப்பறம் எதுக்குடி இந்தக் காயிதத்தக் கொண்டாந்து என்ற முன்னால நீட்டினே?

தாஜுன்னிசா: கம்பெனி குமாஸ்தா நேத்தே எல்லாத்தையும் சொல்லிப்போட்டாருங்க, சித்திரைல நடந்த ஆபரேசனு, ஆனைமலை அட்ரஸு, எல்லாத்தையும். ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முந்தி நா அவகிட்டச் சொல்லிட்டேன். அவ என்னையத் திட்டினா. அக்கா அப்பிடிச் செய்யற ஆளில்ல, வேணும்னா ஒரு காயிதத்த எழுதி நீட்டிப் பாரு, படிக்காமலே கையெழுத்துப் போடுவாங்கன்னா. அவதான் அனுப்பிச்சா, நீங்க நல்லவங்கன்னு எனக்குக் காட்டறதுக்கு. இந்நேரம் மயக்கம் தெளிஞ்சிருக்கும், கண்ணு முழிச்சதும் மொதல்ல இதத்தான் கேப்பா. உங்க கையெழுத்த மட்டும் காட்டறதா, இல்ல நீங்க எத்தன நேரங் கழிச்சுப் போட்டீங்கன்னும் சொல்றதா... நீங்களே சொல்லுங்கக்கா, நா என்ன பண்ணட்டுங்க?

அதுக்கப்பறம் தாஜுன்னிசா அங்க போய் என்ன சொன்னாங்கறதை இங்க எழுதலீங்க. உங்க ஊர்லயும் சம்பளமில்லாம ஒழைச்சவங்க ஆராச்சும் நோவுல படுத்தப்ப, பேரு விட்டுப்போச்சுன்னோ வேற பேரு ஏறிப்போச்சுன்னோ கைவிட்டிருந்தா, மறைக்காம எழுதிப் போடுங்க. பட்டியல எழுதின கை உங்களுதா இருந்தாலும் எழுதுங்க. ரெண்டு வரியானாலும் போதுமுங்க.